ரோசம்மாக்காவின் ஒறுத்தல்

மார்ச் 12, வியாழன்
காலையிலிருந்தே காற்று. கடற்கரைத் தெருக் கடைசி வீட்டு வைஃபை பெட்டிக்குப் புது ஒயர். அக்கா மகள் ஜெனி வீடு. நாளை பதினொரு மணிக்கு அவளுக்கு வீடியோவில் நேர்காணல். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி, நர்ஸ் வேலை. செல்போன் சிக்னல் அங்கே எட்டாது. எங்கள் ஊர் மெஷ் வைஃபைதான் கதி.

"நடுவுல கட் ஆயிராதே சித்தி?"

சிரித்தேன். மாடிக்கு மாடி பெட்டி. ஒன்று நின்றாலும் இன்னொன்று வழியாகச் சுற்றிப் போகும். ஊர்க்கூட்டத்தில் மைக் பிடித்துச் சொன்னவளே நான்தான்.

வாங்க வேண்டியது: டேப், கிளிப், கத்தரிக்காய்.

மார்ச் 13, வெள்ளி
போச்சு. மூன்றாவது கேள்விக்குப் பாதிப் பதிலில் ஜெனி முகம் அப்படியே நின்றுவிட்டது. ஓடினேன். தெரு முனை ரோசம்மாக்கா வீட்டு மாடிப் பெட்டியில் விளக்கு இல்லை. பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டி, மாதா படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார்!

"தவக்காலம்லா? வெள்ளிக்கிழம நெட்டு கெடையாதுன்னு ஒறுத்தல் எடுத்திருக்கேன்."

"ஒங்க ஒறுத்தலுக்கு எங்க ஜெனி வேலையா கெடைச்சுது? இது வழியாத்தான்க்கா கடற்கரைத் தெரு பூரா போகுது!"

"ஊரே எங்க வீட்டு வழியா போகுதுன்னு எனக்கு யாரு சொன்னா? வெளக்கு எரியும், பயப்படாதீங்கன்னுதான நீ சொன்ன?"

கத்தினேன். தெருவே வேடிக்கை பார்த்தது. கடைசியில் சிலுவை போட்டுக்கொண்டார், எனக்காகவாம். அதுதான் இன்னும் எரிகிறது.

மார்ச் 14, சனி
கொளுத்தும் வெயில். ஜெனி அம்மா, என் அக்கா, சட்டியை டங்கென்று வைக்கிறாள். ஜெனிதான் கேட்டாள்: "சுத்திப் போகும்னு சொன்னீங்களே சித்தி?"

வரைபடத்தை எடுத்தேன். அந்தத் தெருவுக்கு ரோசம்மாக்கா மாடி ஒன்றே வழி. இரண்டாவது வழி, என் பெரியண்ணன் மாடி. அங்கே பெட்டியே வைக்கவில்லை. என் கல்யாணத்துக்கு வராத மனுஷன். அந்தப் படி ஏற மாட்டேன் என்று பட்டியலில் பெயரை அடித்தது நான். நீல மை. மூதேவி. என்னைத்தான் சொல்கிறேன்.

மாலை: ஆஸ்பத்திரியிலிருந்து மெயில். செவ்வாய்க்கிழமை மறுபடி பேசுகிறார்களாம்.

மார்ச் 15, ஞாயிறு
முதல் பூசை முடிந்து நேரே அண்ணன் வீடு. கையில் பெட்டி. வலை பின்னிக்கொண்டிருந்த அண்ணன் தலை நிமிரவில்லை.

"ஏளா, மாடியில பெட்டிக்குக் கம்பி நட்டு வச்சிருக்கேன். நீ கூட்டத்துல பேசுன அன்னைக்கே நட்டது. துருப்பிடிச்சிட்டுதான்னு ஏறிப் பாரு."

ஏறிப் பார்த்தேன். பிடித்திருந்தது.