நூற்றுப் பதினான்காம் துண்டு

அன்பு வாண்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். தினம் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் போடுகிறாள், கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று நினைப்பாய். போன் என்றால் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். இது அவர் காதில் விழக் கூடாது. உனக்கு வேலை கிடைத்த சேதியை, நான் செருப்பைக் கழற்றுவதற்குள் தெருமுனைத் தையல்காரர் வரை சொல்லிவிட்டு வந்த மனிதர் அவர். ஆபீஸிலிருந்து பேசினால் பக்கத்து மேஜைக்குக் கேட்கும், அதனால் இங்கே சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவருக்கு முழங்கால் வலி தேவலை. யாராவது பார்க்கும்போது மட்டும் நொண்டுகிறார்.

என் ஆபீஸ் கதை உனக்குப் பாதி தெரியும். ஆறு ஒன்று, ஊர் ஐந்து. இத்தனை வருஷமாக ஆளாளுக்குத் தன் கரையை மட்டும் உயர்த்திக்கொண்டார்கள், மேலே இருப்பவர்கள் தள்ளிவிட்ட தண்ணீர் கீழே இருப்பவர்கள் வீட்டுக்குள் போயிற்று. எங்கள் ஆபீஸ் டிரைவர் போன வெள்ளத்தில் தன் அம்மாவைப் பீரோ மேல் உட்காரவைத்துத்தான் காப்பாற்றினார். இப்போதுதான் மலையில் மழை விழும் இடம் தொடங்கி ஆறு கடலில் சேரும் இடம் வரைக்கும் காடு, வயல், ரோடு, வீடு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து ஐந்து ஊருக்கும் ஒரே திட்டம் போடுகிறோம். அதில், வெள்ளம் வந்தால் தண்ணீர் பரவி நிற்க ஓர் இடத்தைக் காலியாக விட்டாக வேண்டும். யாருடைய இடத்தை விடுவது என்று ஏழு மாதம் சண்டை. ஒருவருக்கு மாமனார் வீடு, இன்னொருவருக்கு மச்சான் தோப்பு. நான்தான் பெரிய புத்திசாலி மாதிரி, படத்திலிருந்து ஊர்ப் பெயர், தெருப் பெயர் எல்லாவற்றையும் அழித்துவிடுவோம், மேடு பள்ளமும் நிலத் துண்டுகளின் நம்பரும் மட்டும் இருக்கட்டும், அதை வைத்து முடிவு செய்வோம் என்றேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஆறு இருபது இடத்தில் வளைகிறது, துண்டு துண்டாக வெட்டிய தாளில் எனக்கே எது எங்கே என்று தெரியவில்லை. நூற்றுப் பதினான்காம் துண்டுதான் சரியான பள்ளம் என்று மேஜையைத் தட்டிப் பேசி ஜெயித்தேன். கைகூடத் தட்டினார்கள். போன மாதம் முடிவான படத்தின் மேல் தெருப்படத்தை வைத்துப் பார்த்தால், அது உன் அத்தை வீடு. அத்தை வீடும் அந்தச் சந்தில் இருக்கும் பதினோரு வீடும்.

யாருக்கும் தெரியாமல் பக்கத்துத் துண்டை மாற்றிப் போட்டுப் பார்த்தேன், தண்ணீர் நேரே பிரசவ ஆஸ்பத்திரிக்குள் போகிறது. இந்தப் பக்கம் மாற்றினால் டிரைவர் வீடு. கணக்கு சரி, வாண்டு, நான் சொன்னது சரிதான், அதுதான் என்னைக் கொல்கிறது. வெளியே சொல்லவும் வழியில்லை. ஐந்து ஊரும் ஒரே நாளில் கையெழுத்துப் போடும் வரைக்கும் படம் பூட்டுக்குள். போன முறை சேதி கசிந்து, ஒரே வாரத்தில் ஒரு ஊர்க்காரர்கள் லாரி லாரியாக மண் கொட்டிப் பள்ளத்தையே மூடிவிட்டார்கள், திட்டம் குப்பைக்குப் போயிற்று. அதனால் இந்த முறை வாயைத் திறக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம், அதில் முதல் கையெழுத்து என்னுடையது. சரி, நான் விலகிக்கொள்கிறேன், அந்தத் துண்டில் என் சொந்தக்காரர் வீடு இருக்கிறது என்று மேலதிகாரியிடம் போய் நின்றேன். அவர், பேரையெல்லாம் அழிக்கச் சொன்னதே நீங்கதானே மேடம், இப்ப விலகினா ஏன்னு அஞ்சு ஊரும் கேக்கும், கேட்டா எல்லாம் வெளிய வந்துடும், பேசாம இருங்க என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

பேசாமல்தான் இருக்கிறேன். அத்தைதான் இருக்க விடமாட்டேன் என்கிறாள். உனக்காக மாடி எழுப்புகிறாளே, அதற்காக ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்துவிடுகிறாள். பிள்ளை குட்டி இல்லாதவள், நீ திரும்பி வந்தால் உனக்கென்று தனி இடம் வேண்டும் என்று சுவர் வரைக்கும் கொண்டுவந்துவிட்டாள். அண்ணி, ஜன்னலை ரோட்டப் பாத்து வைக்கட்டுமா, ஆத்தப் பாத்து வைக்கட்டுமா, நீங்க படிச்சவங்க சொல்லுங்க என்கிறாள். உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டினேன். அண்ணிக்கு என் வீட்டு மேல பொறாமை என்று உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அவரும் தங்கைக்குப் பரிந்துகொண்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நாளைக்கு உண்மை தெரிந்ததும், நாத்தனார் மேல இருந்த கோபத்த இப்படித் தீத்துக்கிட்டா பார் என்றுதான் எல்லோரும் சொல்லப் போகிறார்கள். எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன் அவளோடு, ஆனால் இதை நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை, சத்தியமாக. இருக்கிற வீட்டுக்குப் பதில் மேட்டில் வீடு கொடுப்பார்கள். ஆனால் திட்டத்துக்காக விமானத்திலிருந்து ஊரைப் படம் எடுத்தார்கள், அந்த நாளுக்குப் பிறகு கட்டியது எதுவும் கணக்கில் சேர்த்தியில்லை. மாடி அத்தனையும் வீண். அடுத்த மாதம் முதல் வாரம் கூரைக்குக் கான்கிரீட் போடுகிறாள், ஐந்து ஊரும் கையெழுத்துப் போடுவது அதே மாதம் பதினேழாம் தேதி.

என்னால் நிறுத்தச் சொல்ல முடியாது. உன்னால் முடியும். கடிதம் கிடைத்த அன்றைக்கே அத்தைக்குப் போன் போட்டு, நான் திரும்பி வரப்போவதில்லை, இங்கேயே தங்கிவிடப் போகிறேன், எனக்காக மாடி கட்டாதே என்று சொல்லிவிடு. அழுவாள். அழுதுகொண்டு என்னிடம்தான் வருவாள், நான் பார்த்துக்கொள்கிறேன். பொய் சொன்னதற்காக உன்னை அடித்து வளர்த்தவள்தான் இதைக் கேட்கிறேன். இதுவும் ஒரு விதத்தில் வாயைத் திறந்ததுதான், எனக்குத் தெரியும். அந்தச் சந்தில் மற்ற பதினோரு வீட்டுக்காரர்களுக்கு இப்படிச் சொல்ல யார் இருக்கிறார்கள் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ, படித்ததும் இதைக் கிழித்துப் போட மறந்துவிடாதே. நீ எங்கே இருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். இன்னும் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷமாக அடுத்த வருஷம் வருகிறேன், அடுத்த வருஷம் வருகிறேன் என்கிறாய். அத்தையிடம் நீ சொல்லப் போவது ஒருவேளை நிஜமாகவே இருந்தால், அதை அவளிடம் சொல்வதோடு விட்டுவிடு, எனக்கென்று தனியாகச் சொல்லாதே. நான் சொல்லிக் கொடுத்த பொய்யைத்தான் சொல்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா