உங்கள் பச்சைக் காரை இப்போது நான்தான் ஓட்டுகிறேன்

என் செல்வியின் அப்பாவுக்கு, எனக்கு எல்லாமுமாக இருந்தவருக்கு,

சாப்பிட்டீர்களா என்று கேட்டுத் தொடங்கத்தான் கை வருகிறது. இத்தனை வருஷப் பழக்கம், எங்கே போகும்? அங்கே உங்களை யார் கேட்பார்கள்? வாயைத் திறந்து பசிக்கிறது என்று சொல்லும் ஆளா நீங்கள்?

போன வாரம் உங்களுக்கு முதல் திவசம் கொடுத்தோம். அன்றைக்கு நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நீங்கள் முதலில் கேட்கப்போவது காரைப் பற்றித்தான் என்று எனக்குத் தெரியாதா? நன்றாக இருக்கிறது. மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் அடம். வலது பக்கக் கதவு இப்போதும் ஓங்கிச் சாத்தினால்தான் சாத்துகிறது. பச்சை வண்ணம் முன்பக்கம் வெளுத்திருக்கிறது. அதில் நான் இன்னும் கை வைக்கவில்லை.

அதை நீங்கள் நம் காஜா பெராங் வீட்டுக்குக் கொண்டுவந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? மலாய் நாட்டுச் சுதந்திரத் தேதியை அறிவித்த பிறகு வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அலமாரி வாங்கி வந்தவர்கள் உண்டு, ஐஸ் பெட்டி வாங்கி வந்தவர்கள் உண்டு. தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கிற வேலையில் இருந்த நீங்கள், சீமைக்குத் திரும்பிய ஒரு எஞ்சினியரிடமிருந்து இதை வாங்கி வந்தீர்கள். பந்தயத்துக்கு ஓட்டுகிற மாதிரி நீண்ட மூக்கு, இரண்டே இருக்கை. எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது.

“என்னங்க இது?”

“காரும்மா.”

“கூரை எங்க?”

“இருக்கு, பின்னால மடிச்சு வச்சிருக்கு. கொஞ்சம் கிழிஞ்சிருக்கு, அவ்வளவுதான்.”

நீங்கள் அதை விரித்துக் காட்டப் போனீர்கள். மட்கிய கித்தான் உங்கள் கையோடு பாதி வந்துவிட்டது. செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. “மூணு பேருக்கு ரெண்டு சீட்டு. மழை பெய்யிற ஊர்ல தொறந்த காரு. உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா?” என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

நீங்கள் கோபப்படவில்லை. என்னை இழுத்து உட்காரவைத்து, செல்வியைப் பின்னால் பெட்டி வைக்கிற இடத்தில் திணித்து, கிளேபாங் கடற்கரை வரைக்கும் கொண்டுபோனீர்கள். சின்னவன் பிறந்த அன்றே போய்விட்ட பிறகு நான் பஸ் ஏறுவதையே விட்டிருந்தேன். ஏறினால் மூச்சு முட்டும், பாதி வழியில் மணியடித்து இறங்கி நடப்பேன். டாக்ஸியிலும் அதே கதை. அன்று கடல் காற்று முகத்தில் அடித்தது. திரும்பும்வரை நான் ஒரு தடவைகூட ‘நிறுத்துங்க’ என்று சொல்லவில்லை என்பதை வீட்டு வாசலில்தான் கவனித்தேன்.

“இதுக்குத்தாம்மா வாங்குனேன். இதுல ஒனக்கு மூச்சு முட்டாது” என்றீர்கள். ஒரு நல்ல வார்த்தை அப்போது நான் சொன்னேனா? “மழை வந்தா என்ன செய்வீங்களாம்?” என்றுதான் கேட்டேன்.

மழை வந்தது. பிறகு அந்தக் கூரை என் வேலையாகிவிட்டது. ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி உடுப்பு தைத்துக்கொண்டிருந்த மிஷினில் கித்தானைக் கொடுத்ததும் ஊசி ஒடிந்தது. கப்பல் பாய் தைக்கிறவர்களின் பெரிய ஊசியை நீங்கள் எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்தீர்கள். நூலுக்கு மெழுகு போட்டு, ஓரத்தையெல்லாம் கையால் தைத்து முடித்தேன். போட்டுப் பார்த்தால் சட்டை மாதிரிக் கச்சிதம். மறுநாள் மழையில் நனைந்து காய்ந்ததும் கித்தான் சுருங்கி, முன்கண்ணாடிச் சட்டத்துக்கு எட்டவே இல்லை. நீங்கள் முன்னாலிருந்து இழுக்கிறீர்கள், நான் பின்னாலிருந்து தள்ளுகிறேன், பொத்தான் ஒன்று தெறித்து எதிர்வீட்டுக் கோழி மேல் போய் விழுகிறது.

துணியை நனைத்துக் காயவைத்துவிட்டுத்தானே வெட்ட வேண்டும்? பள்ளி உடுப்புக்குச் செய்கிற வேலையைக் காருக்குச் செய்ய எனக்குத் தோன்றவில்லை. இரண்டாவது கூரை நின்றது. இன்றைக்கும் அதுதான் இருக்கிறது, ஒரு சொட்டு உள்ளே வராது.

அப்புறம் கரையான். காருக்குக் கரையான் பிடிக்கும் என்று யார் கண்டது? தகரத்துக்குள் இருப்பது மரச்சட்டம் என்பதே கதவு கழன்று உங்கள் காலில் விழுந்தபோதுதான் நமக்குத் தெரிந்தது. அடுத்த தெரு ராஜா செட்டி அண்ணன் வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். பஸ் பட்டறையில் வேலை செய்கிறவர், எஞ்சின் என்றால் தூக்கத்திலும் கழற்றி மாட்டுவார், ஆனால் மரவேலை அவருக்கும் புதிது. பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து கலந்துவிட்ட செட்டி வீட்டார் எல்லாரையும் போல அவருக்கும் மலாய்தான் வாயில் வரும். நடுவே ‘சாமி’, ‘அம்மா’ என்று நம் சொல் தலைகாட்டும். “சாமி! இனி பூக்கான் கெரெத்தா, இனி ரூமா!” என்றார். இது காரே இல்லை, வீடு என்றார். நீங்கள் இருவரும் சேர்ந்து, கரையான் அரிக்காத செங்கால் மரத்தில் புதுச் சட்டம் செதுக்கினீர்கள். கோயில் கதவுகூட அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்திருக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எஞ்சினுக்குக் காற்றும் பெட்ரோலும் கலந்து கொடுக்கிற இரண்டு கார்புரேட்டரையும் ஒத்துப்போக வைக்கிற வேலை இருக்குமே. ரப்பர் குழாயின் ஒரு நுனியை அதில் வைத்து, மறுநுனியை என் காதில் கொடுப்பீர்கள். இரண்டிலும் உஸ் என்கிற மூச்சு ஒரே மாதிரி கேட்க வேண்டும். “இடது பக்கம் இழுக்குதுங்க” என்பேன். ஒரு திருகு திருகுவீர்கள். “இப்ப?” “இப்ப சரி.” அதற்குமேல் நாம் பேசிக்கொண்டது குறைவு. ஆனால் சின்னவன் போன பிறகு நாம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தது அங்கேதான், இல்லையா?

பிறகு ஒரு காலைப் பொழுதில் தபால் நிலைய மேசையிலேயே சாய்ந்துவிட்டீர்கள். நெஞ்சு என்றார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கைச்சூடுகூட ஆறியிருந்தது. நகத்துக்குள் கிரீஸ் கறை. நர்ஸ் துடைக்க வந்தார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

காரியம் முடிந்த கையோடு காரைப் பற்றிப் பேச்சு வந்தது. ராசியில்லாத கார் என்றார்கள். உங்கள் அண்ணன் அப்படிச் சொல்லவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். உஜோங் பாசிரிலிருந்து வாரம் தவறாமல் வந்து, அரிசி இருக்கிறதா, செல்வி பள்ளிக்குப் போகிறாளா என்று பார்த்தவர் அவர்.

“இந்தா பாரும்மா, நிறுத்தி வச்சா துருப்பிடிச்சுத்தான் போகும். ஓட்டவும் ஆளில்ல. மூடுன காராவது பரவால்ல, இது தொறந்த காரு. நாளைக்கு நீ யாரு பக்கத்துல உக்காந்து போனாலும் ஊரு வாய மூட முடியுமா? குடுத்துடலாம்.”

சரிங்க மாமா என்றேன்.

தெங்கேராவிலிருந்து மலாய் பேசுகிற சீனப் பாபா வீட்டு இளைஞன் ஒருவனை அழைத்து வந்தார். நல்ல பையன்தான், செருப்பைக் கழற்றிவிட்டு வணக்கம் சொன்னான். காரைக் கிளப்பிப் பார்த்தான், கிளம்பவில்லை. மறுபடி பார்த்தான். இருமியது, நின்றது. வாசற்படியில் நின்றிருந்த என் வாயிலிருந்து, என்னை அறியாமல் மலாய் வந்தது. “கொஞ்சம் பொறுங்க. பெட்ரோல் ஏறட்டும். இப்ப இழுங்க.” கிளம்பிவிட்டது. இடது பக்கம் இழுக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அதைச் சரிசெய்ய ஆளில்லையே என்று நினைத்தேன்.

அந்தப் பையன் சந்தோஷமாக இறங்கி உங்கள் அண்ணனிடம் விளக்கினான். அவனிடம் இதே மாதிரி இன்னொரு கார் இருக்கிறதாம், எஞ்சின் உடைந்துவிட்டதாம். இதிலிருந்து எஞ்சினை எடுத்துக்கொண்டால் போதுமாம். “மத்ததெல்லாம் பழசு, தூக்கிப் போட்டுடலாம்” என்றான்.

மற்றதெல்லாம் என்றால் என்னங்க? நீங்கள் செதுக்கிய மரம். நான் தைத்த கூரை.

“தா மாவ் ஜுவால்” என்றேன். விற்க மாட்டேன்.

உங்கள் அண்ணன் முகம் சிவந்துவிட்டது. “என்னம்மா இது? நான் பேச்சுக் குடுத்துட்டேன்!”

“மன்னிச்சிடுங்க மாமா. விக்க முடியாது.”

“அப்ப யாரு ஓட்டுவா?”

அந்தக் கேள்வி வரும்வரை நான் அதை நினைத்துப் பார்க்கவே இல்லை, சத்தியமாக. “நான் ஓட்டுறேன்” என்றேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு போனவர்தான். அடுத்த வாரம் உங்கள் அண்ணி மட்டும் அரிசியோடு வந்தார்கள். அவர் வரவில்லை, பல மாதம் வரவில்லை.

ராஜா செட்டி அண்ணனிடம் கற்றுத்தரச் சொல்லிக் கேட்டேன். அவர் உடனே சரி என்று சொல்லிவிட்டு, தலையைச் சொறிந்தார். இரண்டே இருக்கை. அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் உங்கள் அண்ணன் சொன்னது நடந்துவிடும். அவர் மனைவி பார்வதி அக்காதான் வழி சொன்னார்கள். “நான் காருல உக்கார்றேன். நீங்க சைக்கிள்ல வாங்க.”

நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஊர்த் திடலில் கூரையை மடித்துவிட்டு நான் ஓட்டுகிறேன். பக்கத்தில் பார்வதி அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு எல்லாச் சாமியையும் கூப்பிடுகிறார்கள். பின்னால் செல்வி கைதட்டுகிறாள். ராஜா செட்டி அண்ணன் சைக்கிளை மிதித்துக்கொண்டு கூடவே வந்து, “பெலான், பெலான்! கிளட்ச்! கிளட்ச், அம்மா!” என்று மெதுவாகப் போகச் சொல்லிக் கத்துகிறார். நான் நிறுத்தத் தெரியாமல் வட்டம் வட்டமாகப் போக, அவரும் நாக்குத் தள்ள வட்டம் வருகிறார். பந்து விளையாட வந்தவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். மூடிய காராக இருந்திருந்தால் அவர் கத்தியது எனக்குக் கேட்டிருக்குமா?

முதல் தடவை லைசென்ஸ் பரீட்சையில் மேட்டில் நிறுத்தச் சொன்னபோது கார் பின்னால் உருண்டுவிட்டது. போய்விட்டு வாங்க என்றார்கள். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். அழுது முடித்து, ரப்பர் குழாயை எடுத்துக் காதில் வைத்து, திருப்புளியால் நானே திருகினேன். தப்பான பக்கம் திருகி, பிறகு சரியான பக்கம் திருகி, ஒரு மதியம் முழுக்க ஆயிற்று. மூச்சு ஒத்துப்போனது. அடுத்த பரீட்சையில் கார் மேட்டில் உருளாமல் அப்படியே நின்றது, லைசென்ஸும் கிடைத்தது.

இப்போது தைத்த உடுப்புகளை நானே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். துணி எடுக்க பண்டார் ஹிலிருக்கு நானே போகிறேன். தெருவில் சிலர் சிரிக்கிறார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். எதிரில் வருகிறவர் யார் என்று பார்க்கிற அளவுக்கு எனக்கு இன்னும் கை பழகவில்லை, அதனால் ஒன்றும் தெரியவில்லை.

திவசத்துக்கு உங்கள் அண்ணன் வந்தார். உங்களுக்கு அவர்தானே செய்ய வேண்டும். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பூசை முடிந்தது. பிண்டத்தைக் கிளேபாங் கடலில் கரைக்க வேண்டும். அவர் ஏற்பாடு செய்திருந்த டாக்ஸி வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. அவர் ஈர வேட்டியும் தோளில் துண்டுமாக வாசலில் நின்று தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமா, நான் கூட்டிட்டுப் போறேன்” என்றேன்.

அவர் அசையவில்லை. உங்கள் அண்ணி உள்ளேயிருந்து வந்து, “ஏறுங்க. உங்க தம்பி பசியோட நிக்கிறாரு” என்றார்கள்.

ஏறினார். வெறும் மார்போடு, மடியில் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தெங்கேரா தாண்டியதும் பார்த்தால் தோள் குலுங்குகிறது. கண்ணைத் துடைக்கக் கை இல்லை, கையில் நீங்கள் இருக்கிறீர்கள். நான் ஓரமாக நிறுத்தி, தட்டை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, அவர் துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். “எனக்குச் சின்னவன்மா அவன். எனக்கு முன்னாடி போய்ட்டானே” என்றார். ஒரு வருஷமாக அவருக்கும் அழ இடமில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கும்தான். அந்தச் சாலையோரத்தில் இருவரும் அழுதோம். யார் பார்த்தார்களோ தெரியாது.

உங்களைக் கடலில் விட்டுவிட்டுத் திரும்பும்போது அவர் முகம் தெளிந்திருந்தது. காற்றில் முடி பறக்க மெல்லக் கேட்டார்: “இது இவ்வளவுதான் ஓடுமா?”

நான் மிதித்தேன்.

வீட்டுக்கு வந்து எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, உங்கள் அண்ணி என்னை அடுப்படிக்கு இழுத்துப் போனார்கள். அவர் காதில் விழாமல், “எனக்கும் கத்துக் குடுப்பியா?” என்று கேட்டார்கள். அந்த வயதில் அவர்கள் முகம் அவ்வளவு வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

கற்றுக்கொடுப்பேன். வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்குகிறோம், பக்கத்தில் நானே உட்காரப்போகிறேன். பயப்படாதீர்கள். கதவை இடிக்காமல், கியரை நெரிக்காமல் பார்த்துக்கொள்வேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

உங்கள் மனைவி,
செல்வியின் அம்மா,
தனலட்சுமி