ரெண்டு பக்கமும் எர்த்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நாங்க இருக்கோம். நீ நல்லாத்தான் இருப்பே, இன்ஜினியராச்சே!

உங்க கம்பெனி எங்க ஆலை டேங்க்ல மாட்டிட்டுப் போன சென்சார் பேயாட்டம் ஆடுது. பெரிய மோட்டார் ஓடினா போதும், 67 டிகிரின்னு காட்டினது சட்டுனு 82ங்குது. உன் மாமா மீட்டர்ல பார்த்ததைப் பார்த்தபடி நோட்டுல எழுதினார். நீயோ கம்ப்யூட்டர்ல சராசரி போட்டு வச்சிருக்கே, அதுல கோடு அசையாம நேரா போகுது. அதனால அவர் இஷ்டத்துக்கு எழுதினாராம். சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. பதினெட்டு வருஷம் ஒரு எண்ணைக்கூடத் தப்பா எழுதாத என் புருஷன், சாப்பாட்டைத் தொடாம உட்கார்ந்திருக்கார்.

நான் பேனலைத் திறந்து பார்த்தேன். சிக்னல் கேபிளைச் சுத்தியிருக்கிற கம்பி வலை, அந்த ஷீல்டை டேங்க் பக்கமும் எர்த் பண்ணியிருக்கே, பேனல் பக்கமும் பண்ணியிருக்கே. அதுல கரண்ட் சுத்தாம என்ன பண்ணும்? 20ஆம் தேதி விசாரணை. தப்பு வயரிங்லதான்னு நாலு வரி எழுதி அனுப்பு.

அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

படித்துவிட்டுச் சிரித்தேன். பியூஸ் மாற்றுகிற நீ எனக்கு எர்த் பாடம் எடுக்கிறாயா? ஒன்று விட்டாலும் இன்னொன்று காப்பாற்றும். ரெட்டைப் பாதுகாப்பு, என் டிசைன். மாமாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போ. அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வு. இந்தச் சில்லறை விஷயத்தில் என் பெயரை இழுக்காதே.

பாசமுள்ள தம்பி

மார்ச் 13

தம்பிக்கு,

அடேங்கப்பா, ரெட்டைப் பாதுகாப்பு! படிச்ச மூளையை எங்கடா கழட்டி வச்சே? டேங்கோட எர்த்தையும் மோட்டாரோட எர்த்தையும் யாரு கேட்டா? அது அது அப்படியே இருக்கட்டும். நான் சொல்றது ஷீல்டை. மோட்டார்ல இருந்து வர்ற மின் இரைச்சல் சிக்னல்ல கலக்காம தடுக்கத்தான் ஷீல்டு. அதை ரெண்டு முனையிலயும் எர்த் பண்ணினா, அதுவே இரைச்சலைக் கூட்டிட்டு வரும். இது நான் வேலை கத்துக்கிட்ட முதல் வாரத்துப் பாடம்.

விசாரணையில எல்லார் கண்ணு முன்னாடியும் டேங்க் பக்கத்து முனையைக் கழட்டப் போறேன். அதுக்குள்ள நீயா ஒத்துக்கோ. மானமாவது மிஞ்சும்.

அக்கா

மார்ச் 23

அன்புள்ள அக்காவுக்கு,

கழற்றியதும் மீட்டர் ஆடாமல் நின்றுவிட்டதாமே. மாமாவுக்கு வேலை திரும்பக் கிடைத்ததில் ரொம்பச் சந்தோஷம். எங்கள் மேலாளர் விசாரித்தார். நான் முன்பே சொல்லியிருந்ததைத்தான் அக்கா செய்தாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உனக்குப் போன் செய்வார். ஆமாம் என்று மட்டும் சொல். கூடப் பிறந்தவள் இல்லையா?

உன் தம்பி

மார்ச் 28

இன்ஜினியர் அவர்களுக்கு,

போன் வந்தது. சீ, இதுவும் ஒரு பிழைப்பான்னு கேட்கத்தான் வாயெடுத்தேன். உன் மாமா பக்கத்துல வந்து நின்னு, "ஆமான்னு சொல்லிடும்மா, அவன் பிழைச்சுப் போகட்டும்"னார். உன்னால பொய்யன்னு பேர் வாங்கின மனுஷன், உனக்காக என்னைப் பொய் சொல்லச் சொன்னார். சொல்லிட்டேன்.

பதவி உயர்வை நல்லா அனுபவி. அவர் உன்னை மன்னிச்சிட்டாராம். அந்த மனசு எனக்குக் கிடையாது. இனி கடிதம் போடாதே, வந்தாலும் பிரிக்க மாட்டேன்.

ஆலை எலக்ட்ரீஷியன்