எக்ஸ்ரேயின் மூலையில் இருந்த பெயர்

அரியலூர்,
புதன்கிழமை.

அன்புள்ள ஆனிக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீ சுகமாக இருப்பதை அம்மா உன்னிடம் போனில் கேட்டு எனக்குச் சொல்லிவிடுகிறாள். எனக்குப் போனில் பேச வருவதில்லை, சரி, சரி என்று சொல்லி அவளிடமே கொடுத்துவிடுகிறேன். அதனால் இதைக் கையால் எழுதி நானே படமெடுத்து அனுப்புகிறேன். எழுத்து புரியாவிட்டால் அம்மாவிடம் கேட்காதே, என்னிடம் கேள். அம்மாவுக்கு முழங்கால் வலி இல்லையாம். படியேறும்போது மட்டும் சுவரைப் பிடிக்கிறாள். சனிக்கிழமை தனியாக ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் பஸ்ஸில் போய் வந்தாள். உன் சித்தப்பா மகள் ஷாலினி மேரிக்கு வரதராஜன்பேட்டைப் பள்ளியில் வேலை கிடைத்துவிட்டது. நீ குளிரில் வெறும் காலோடு நடக்காதே.

போன வாரம் நீ ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தாய். அப்பா, எக்ஸ்ரேல பேர் தெரியுது. அதற்கு நான் பதில் அனுப்பவில்லை. பதில் இதுதான். தெரிந்தது. இரண்டு லட்சம் பேருக்குத் தெரிந்தது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பெரம்பலூர்ப் பக்கம் புதிதாக ஒரு கல்குவாரிக்கு அனுமதி கேட்டிருக்கிறார்கள். அதற்கான கருத்துக்கேட்புக் கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. போன வருடம் எங்கள் போராட்டக் குழுவைக் கைது செய்து, சாயங்காலம் வரை தயிர்சாதம் கொடுத்து உட்கார வைத்திருந்த அதே மண்டபம். எனக்குப் பேச மூன்று நிமிடம். என் நோயாளி கண்ணையன் பதினாறு வருடமாகக் கிரஷரில் கல் உடைக்கிறவன், நெஞ்சு முழுக்கக் கல் தூசி. அவனுடைய எக்ஸ்ரேயைப் பையிலிருந்து எடுத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துக் காட்டினேன். முப்பத்தொரு வருடம் மருத்துவக் கல்லூரி வகுப்பில் செய்தது. வகுப்பில் பெயர் இருக்கும் மூலையைக் கட்டைவிரலால் மூடிக்கொள்வேன், மூடாத மாணவனை வெளியே அனுப்பியும் இருக்கிறேன். அன்று ஒரு கையில் மைக். கைதட்டல் வேறு. கைதட்டல் வந்ததும் இன்னும் உயரத் தூக்கினேன். குழு அதை வீடியோ எடுத்து எங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டது, அதைத்தான் நீ பார்த்தாய்.

நான் ஏன் வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கினேன் என்று நீ முன்பு கேட்டபோது நான் சரியாகச் சொல்லவில்லை. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. வார்டில் ஒருநாள் பழைய கேஸ் ஷீட்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பீடி உண்டா, எத்தனை வருடம், எல்லாம் எழுதியிருந்தது. தொழில் என்ற இடத்தில் எல்லோருக்கும் கூலி. என்ன கூலி என்று ஒரு மாணவனும் கேட்கவில்லை, பேராசிரியரும் கேட்கவில்லை. கேட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போக ஆரம்பித்தேன். அப்படியே நான்கு வருடம் ஆகிவிட்டது. கேட்பதற்காகப் போனவன் பேசுகிறவனாக எப்போது மாறினேன் என்பது தெரியவில்லை.

வீடியோ பரவிய மூன்றாம் நாள் கண்ணையனை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவன் மகள் கண்ணகிக்கு ஜெயங்கொண்டத்தில் நிச்சயம் ஆகியிருந்தது. டிபி குடும்பம் என்று யாரோ சொல்ல, மாப்பிள்ளை வீட்டார் பிறகு பார்க்கலாம் என்று நிறுத்திவிட்டார்கள். இது டிபி இல்லை, சளிப் பரிசோதனை இரண்டு முறை செய்தாகிவிட்டது, யாருக்கும் ஒட்டாது. அதெல்லாம் எனக்கும் உனக்கும்தான் தெரியும். குழுவின் செயலாளர் முத்தமிழ்செல்வனிடம் எங்கள் பக்கத்திலிருந்து வீடியோவை எடுக்கச் சொன்னேன். அவன், சார், இப்பதான் சார் ஊரே நம்மள திரும்பிப் பாக்குது, இப்பப் போயி எடுன்னா எப்படி என்றான். ஆனாலும் எடுத்துவிட்டான். உங்களுக்கு அரசியலே வராது சார் என்றும் சொன்னான். எங்கள் பக்கத்தில் எடுத்தாயிற்று, மற்றவர்கள் போனில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

கண்ணையன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி சிந்தாமணி வாசலிலேயே நின்று, வாங்க டாக்டரு, மைக்க எங்க காணும், கொண்டாரலியா என்றாள். அவன்தான் உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டான். அடுத்த கூட்டத்தில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். கண்ணகி உள்ளேயிருந்து, வேணாங்க, மறுக்கா எங்கப்பா பேரச் சொல்லுவீங்க, அது ஒரு வீடியோ வரும் என்றாள். சரிதான். கண்ணையன் ரொம்ப நேரம் இருமிவிட்டுச் சொன்னான். நீங்க கேட்டிருந்தா நானே வந்து மேடையில நின்னுருப்பேன் சார். நீங்க கேக்கலியே.

போன ஞாயிறு, கண்ணையனைக் கேட்டுக்கொண்டுதான், ஜெயங்கொண்டம் போனேன். மாப்பிள்ளையின் அப்பா ராசாங்கம், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பையனுக்குச் சம்மதம், இவருக்குத்தான் பயம். படம் வரைந்து அரைமணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். காபி கொடுத்தார். பிறகு, படிச்சவங்க சொல்றீங்க, ஒட்டாது, சரி, உங்க வூட்டுப் பொண்ணுக்கு இப்படி நெஞ்சு நோவு உள்ள எடத்துலேருந்து சம்மந்தம் வந்தா பண்ணுவீங்களா சார், மாதா கோயிலுக்குப் போற ஆளு, பொய் சொல்ல மாட்டீங்க, அதான் கேக்குறேன் என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் சிரித்துவிட்டார். பாத்தீங்களா, சொந்தப் பொண்ணுன்னா யோசிக்கணும், எங்கள மட்டும் யோசிக்காம பண்ணச் சொல்றீங்க.

ஆனி, உன்னோடு படித்தவரின் எக்ஸ்ரேயை நீ என் மேஜையில் கொண்டுவந்து வைத்த நாளில் நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். வலது பக்கம் மேலே ஒரு பழைய தழும்பு. மருத்துவக் கல்லூரி இரண்டாம் வருடத்தில் வந்த டிபி, ஆறு மாத மருந்தை ஒருநாள் விடாமல் சாப்பிட்டு முழுக்கக் குணமானது. அதைப் பார்த்த உடனே எனக்குத் தெரிந்தது. என் நோயாளிகள் எத்தனையோ பேருக்கு, குணமாயிட்டீங்க, தாராளமா கல்யாணம் பண்ணிக்கோங்க என்று சொன்னவன். உன்னிடம், நுரையீரல் விஷயம், நாளைக்கு என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும், அந்தப் பையன் வேண்டாம் என்றேன். எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். நீ அவரையே கல்யாணம் செய்துகொண்டபோது அம்மா மட்டும் வந்தாள். ராசாங்கத்துக்கு வந்த பயத்துக்கு அறியாமை காரணம். என்னுடையதற்கு அதுகூட இல்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஜெயங்கொண்டம் போகிறேன். நான் என் மகளுக்கு இதையே செய்தேன், செய்தது தவறு, அவர்கள் ஆறு வருடமாக நன்றாக வாழ்கிறார்கள் என்று ராசாங்கத்திடம் சொல்ல விரும்புகிறேன். வேறு எதற்கும் அவர் இறங்கி வருவார் என்று தோன்றவில்லை. யாரோ தெரிந்தவர் வீட்டு விஷயம் என்று மாற்றிச் சொல்ல முடியாது, டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்தவர் அவர். ஆனால் அது என் நோய் இல்லை. உன்னுடையதும் இல்லை. டேவிட்ராஜிடம் கேள். சொல்லலாமா என்று கேள். கூடாது என்றால் கூடாது, காரணம் வேண்டியதில்லை. ராசாங்கத்திடம் எனக்குப் பதில் இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன், அதனால் அந்தக் கல்யாணம் நின்றுபோனாலும்.

இதை நம் மாப்பிள்ளையிடம் நான் நேராகக் கேட்டிருக்க வேண்டும். அவருடைய நம்பர் என்னிடம் இல்லை. அம்மாவிடம் இருக்கிறது, ஆறு வருடத்தில் நான் ஒருதடவையும் வாங்கிக்கொள்ளவில்லை. அவளிடம் வாங்காமல் உன்னிடம் கேட்கிறேன், அவர் சம்மதித்தால் மட்டும் அனுப்பு. அடைக்கல மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும். சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும், ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
லூர்துராஜ்