கீறலுக்குள் நீலம்

யூலை, வெள்ளி இரவு.

இன்று நடுக்கடலில் எஞ்சின் பூட்டியிருந்த இரும்புத் தகடு முறிந்து, எஞ்சின் கடலுக்குள் போய்விட்டது. பக்கத்துப் படகுதான் என்னை அல்லைப்பிட்டிக் கரைக்கு இழுத்து வந்தது.

பெரிய அலை ஒன்றுமில்லை. ஒவ்வோர் அலைக்கும் வளைந்து நிமிர்ந்தே அந்த இரும்பு களைத்திருக்கிறது. முறிந்த இடத்தில் ஒரு பக்கம் புதிதாய் மினுங்கியது. மற்றப் பக்கம் பழைய கறுப்பு. அதன் விளிம்புக்குள் நீலப் பெயின்ற் ஊறியிருந்தது. அந்தோனியார் திருநாளுக்குப் படகுக்கு நீலம் அடித்தவன் என் மனைவியின் தம்பி.

கேட்டேன்.

"ஓம் அத்தான், கீறலைக் கண்டனான். திருநாளுக்கு வடிவாய் நிக்கட்டும் எண்டு மேலால பூசிப்போட்டன். சொல்ல மறந்துபோனன்."

மறந்தானாம். திருநாளுக்குப் பிறகு அவன் ஒருநாளும் என்னோடு கடலுக்கு வரவில்லை. முதுகு நோகுது என்றான். நானே எண்ணெய் தேய்த்துவிட்டேன்.