தலையணைக்கு அடியில் விடைப் பக்கங்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஒரே அறைக்குள் நலமாக இருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவின் இடுப்பு எலும்பு கூடிவிட்டது, ஊன்றுகோலோடு குளியலறை வரை போகிறார், ஆனால் நான் அடுப்படிக்குப் போனால் அவருக்குத் தண்ணீர் வேண்டும், வாசலுக்குப் போனால் போர்வை வேண்டும். வேலைக்குப் போய் லேபில் குடுவை கழுவுகிற நேரம்தான் நான் மூச்சுவிடுகிற நேரம், அப்போதும் பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள வருகிற உன் சித்தியின் போனிலிருந்து கூப்பிட்டுவிடுவார்.

லேப் உதவியாளர் பரீட்சைக்கு நான் படிப்பது உனக்குத் தெரியும், தேறினால் வெளியூரில் தங்கிப் பயிற்சி எடுக்க வேண்டும். அதில் அணிக் கணக்குதான், நீங்கள் மேட்ரிக்ஸ் என்பீர்களே, அதுதான் என் உயிரை வாங்குகிறது. புத்தகத்தின் கடைசியில் இருந்த விடைப் பக்கங்களை அப்பா முதல் நாளே கிழித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். விடையைப் பாத்துக்கிட்டே போட்டா மண்டையில ஏறாது, நான் திருத்துறேன் என்றார். நானும் பூரித்துப்போனேன். கணக்கைக் கொண்டுபோய்க் காட்டினால் உதட்டைப் பிதுக்கித் தப்பு என்பார், தினமும் இதே கதை. நிரையை நிரலோடு பெருக்கும் இடத்தில் கோட்டைவிடுகிறேனோ, முதலில் வர வேண்டிய அணியைப் பின்னால் போடுகிறேனோ என்று திரும்பத் திரும்பப் போட்டு, களிமண் மண்டை என்று என்னையே திட்டிக்கொண்டு, பாத்திரம் தேய்க்கும்போது அழுதிருக்கிறேன்.

போன வாரம் நீ போனில் சொன்னாயே, நேர்மாறு அணி கண்டுபிடித்தால் அதைக் கணக்கில் கொடுத்த அணியோடு பெருக்கிப் பாரும்மா, மூலைவிட்டத்தில ஒன்னும் மத்த இடத்தில சுழியும் வந்தா விடை சரி, யாரையும் கேக்க வேண்டாம் என்று. அவர் அன்று தப்பு என்று சொன்ன விடையை எடுத்துப் பெருக்கினேன். ஒன்றும் சுழியும் அதனதன் இடத்தில் வந்து நின்றன. அவர் தப்பு என்று தள்ளிய பழைய நேர்மாறு கணக்குகளையும் அப்படியே பெருக்கிப் பார்த்தேன், ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் சரி. மறுநாள் அதே விடையை ஓர் எண்கூட மாற்றாமல் வேறு தாளில் எழுதிக் காட்டினேன். இப்ப தப்பு கொஞ்சம் கொறஞ்சிருக்கு என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, இந்த வயசுல எதுக்கு உனக்கு இதெல்லாம், நீ போயிட்டா நான் கூப்பிட்டா யாரு வருவா என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அதை முதலிலேயே நேராகக் கேட்டிருந்தால் உட்கார்ந்து பேசியிருப்பேன். தேறினாலும் அவரை விட்டுப் போவேனா என்று எனக்கே தெரியாது, அதற்காக என்னை முட்டாளாக்கியா வீட்டில் உட்கார வைப்பது? அவரைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கிறது, அதுதான் என்னைக் கட்டிப்போடுகிறது.

நீ வெயிலில் அலையாதே, தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு தூங்காதே. எடுத்த காரியமெல்லாம் உனக்கு நல்லபடியாக முடியட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, வியாழக்கிழமை காலை பரீட்சை. நான் படிப்பை விட்டுவிட்டேன் என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார், சித்திக்கு விஷயம் தெரியும். பத்து மணிக்குச் சித்தியின் போனில் அவரைக் கூப்பிடு. அம்மா எங்கே என்று கேட்டால் பொய் சொல்லாதே, பரீட்சை எழுதப் போயிருக்கிறாள், விடையை இனி அவளே சரிபார்த்துக்கொள்வாள் என்று சொல். சொல்லிவிட்டு வைத்துவிடாதே, நான் வரும்வரை அவரோடு பேசிக்கொண்டிரு.

இப்படிக்கு,
உன் அம்மா