நூற்று இருபத்தொன்பது இலக்கங்கள்

8 அக்டோபர் 2024, ஒல்கின்

காலையில் நான்கு மணிநேரம் மின்சாரம் இருந்தது. தம்பி எலிசேயோவின் எண்ணைக் கணினியில் ஏற்றினேன். நூற்று இருபத்தொன்பது இலக்கங்கள். பகு எண்தான் என்று சோதனை ஒரு நொடியில் சொல்லிவிட்டது. எதால் வகுபடும் என்பதைச் சொல்லவில்லை.

தம்பியும் நானும் பள்ளி நாளிலிருந்து இதை ஆடுகிறோம். பிறந்தநாளுக்கு ஓர் எண், இரண்டு பகா எண்களின் பெருக்கல். எழுத்துக்கு இரண்டு இலக்கமாக ஒரு வாக்கியத்தைப் பகா எண்ணின் முன்பக்கம் வைப்போம். பிறகு வாயில் வந்த இலக்கங்களைப் போட்டு, பகா எண் ஆகும்வரை கடைசியைத் திருகுவோம். உடைத்தால் படிக்கலாம். போன வருடம் என் மூக்கைப் பற்றி எழுதியிருந்தான்.

அறுபது இலக்கத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. இந்த ஜூலை மூன்றாம் தேதி என் பிறந்தநாளுக்கு வந்ததைப் பார்த்து எரிச்சலானேன். "இதோட மாரடிக்க எனக்கு நேரமில்லடா" என்று எழுதினேன். "பெரிசுன்னு பயப்படாதக்கா, தொட்டுப் பாரு" என்றான். தொடவில்லை. நான்கு நாள் கழித்து, ஞாயிறு, அம்மாவோடு அவன் இருந்த கிபாராவில் அவன் படகு காலியாகக் கரை ஒதுங்கியது. மறுநாள் அவனும். அலை அடித்துவிட்டது என்கிறாள் அம்மா.

அவன் கடைசியாக என்ன சொன்னான் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

11 அக்டோபர்

ஒரு கோடிக்குள் இருக்கும் எல்லாப் பகா எண்ணாலும் வகுத்தாயிற்று. எதற்கும் மசியவில்லை.

18 அக்டோபர்

தீவு முழுக்க மின்சாரம் போய்விட்டது. பத்து நாள் கணக்கு போச்சு.

29 அக்டோபர்

வகுப்பு முடிந்து பலகையைத் துடைக்கப் போனேன். இயற்பியல் ஆசிரியர் ஓஸ்வால்தோ வாசலில் நின்றார். "நீடியா, என்ன எழுதியிருக்கே?" பலகை முழுக்க அந்த எண். எப்போது எழுதினேன்? மனப்பாடம் செய்யவே இல்லையே. ஒப்பிட்டுப் பார்த்தேன், ஓர் இலக்கம்கூடப் பிசகவில்லை. ஏழுகளுக்கு நடுவில் குறுக்குக் கோடு இருந்தது. நான் அப்படிப் போடுவதில்லை. அவன்தான் போடுவான்.

பயமாக இருக்கிறது. யாரிடம் சொல்வது?

14 நவம்பர்

இந்தக் கணினியில், இந்த மின்வெட்டில், இன்னும் ஐந்து மாதம் ஆகும். எண் காத்திருக்கிறது. நான்தான் பிந்துகிறேன் என்று ஏன் தோன்றுகிறது?

21 நவம்பர்

சின்னக் காரணி அதிகபட்சம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று பார்க்க வர்க்கமூலம் எடுத்தேன், சும்மா. புள்ளிக்குப் பிறகு ஒன்பது. ஒன்பது, ஒன்பது, திரை முடியும்வரை ஒன்பது.

அடுத்த முழு எண்ணை வர்க்கப்படுத்தி, அவன் எண்ணைக் கழித்தேன். 3249. ஐம்பத்தேழின் வர்க்கம். அவ்வளவுதான் — உடைந்துவிட்டது. அந்த முழு எண்ணில் ஐம்பத்தேழைக் கழித்தால் ஒரு காரணி, கூட்டினால் மற்றது. அடுத்தடுத்து நிற்கும் பகா எண்கள். இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் எடுப்பவனை அவன்தான் முட்டாள் என்பான். தெரிந்தே செய்திருக்கிறான். நான் உடைக்க வேண்டும், அன்றைக்கே உடைக்க வேண்டும் என்று. பேனாவோடு உட்கார்ந்திருந்தாலே போதும். பெரிய எண் என்றால் கடினமான எண் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஐயோ, ஒரு வர்க்கமூலம்டா.

இரண்டு காரணிகளுக்கும் முன்பக்கம் ஒன்றே. அதனால் அதே வாக்கியம் இரண்டு தடவை.

ஞாயிற்றுக்கிழமை என்னைத் தனியாக விடாதே.

ஞாயிற்றுக்கிழமை என்னைத் தனியாக விடாதே.

22 நவம்பர்

பள்ளிக்குப் போகவில்லை.

8 டிசம்பர், ஞாயிறு, கிபாரா

அவன் எழுதியதை அம்மாவிடம் மறைக்க நினைத்துத்தான் வந்தேன். முடியவில்லை. அடுப்படியில் நின்றபடி சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. காபியை வடிகட்டி முடித்தாள்.

"உனக்கு எண்ணுல எழுதினான். அந்த ஞாயித்துக்கிழமை எனக்கு நேராவே சொன்னான்டி. இன்னிக்கு பூசைக்குப் போகாதம்மான்னான். ஒரு மணி நேரத்துல வந்துடறேன்னு போயிட்டேன்."

ஐந்து மாதமாக அலை, அலை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

தேவாலய மணி அடித்தது. அம்மா பூசைக்குக் கிளம்பவில்லை. நானும் ஒல்கினுக்குப் பேருந்து ஏறவில்லை.